பார்ட்னரின் டைமண்ட் கிங்

திருப்பூரில் சீட்டு என்றாலே ரம்மிதான். சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா முடிந்து, ஞாயிறு கம்பெனி லீவில் நான்கு பேர் உட்கார்ந்து காசு வைக்காமல் பிரிட்ஜ் ஆடுகிறோம் என்றால் யாரும் லேசில் நம்புவதில்லை. ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967-இல் சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, ஒப்பிட எடுத்துக்கொண்டதே பிரிட்ஜைத்தான். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் பிரிட்ஜில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார்கள். பர்தனுக்கு அப்போது வயது 60.

இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. எதிராளி ப்ரீஎம்ப்ட் போட்ட பிறகு, நம் பக்கம் ஸ்லாம் இருக்கிறதா என்று முடிவெடுக்கும் இடம். ஸ்லாம் என்றால் 13 ட்ரிக்கில் 12-ஐயாவது எடுப்பதாக வாக்குக் கொடுப்பது. ப்ரீஎம்ப்ட் என்றால், கையில் பலமில்லாத எதிராளி ஏழு சீட்டு நீளமுள்ள ஒரு சூட்டை வைத்துக்கொண்டு எடுத்த எடுப்பில் 3-இல் ஆரம்பிப்பது. நாம் நிதானமாகப் பேசிக்கொள்ள வேண்டிய 1, 2 படிகளை அவர் விழுங்கிவிடுகிறார். எக்ஸ்போர்ட் தொழிலில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஃபிட் சாம்பிளும் இல்லை, பிபி சாம்பிளும் இல்லை, நேராக பல்க்கை ஓட்டு என்கிற மாதிரி.

ஒரு கையை விரித்தே காட்டுகிறேன். வலப்பக்கத்துக்காரர் 3 டைமண்ட் என்கிறார். என்னிடம் ஸ்பேடில் ஏஸ், கிங், ஜாக், 6, 4; ஹார்ட்டில் ஏஸ், க்வீன், 5; கிளப்பில் கிங், க்வீன், 8, 2; டைமண்டில் ஒற்றை 3. ஏஸ், கிங் போன்ற பெரிய சீட்டுகளை எண்ணினால் மொத்தம் 19 பாயின்ட். 3 ஸ்பேட் சொல்லி அடக்கிவிட முடியாத கை என்பதால், உங்கள் சூட்டைச் சொல்லுங்கள் என்று பார்ட்னரைக் கேட்கும் டபுள் சொல்கிறேன். பார்ட்னர் 4 ஸ்பேடுக்குத் தாவுகிறார். கையில் ஒன்றுமில்லாதவர் 3-லேயே நின்றிருப்பார். ஆக அவரிடம் ஏதோ இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அவர் கை இப்படி இருக்கலாம்: ஸ்பேட் க்வீன், 9, 7, 3, ஹார்ட் கிங், 8, 4, டைமண்ட் 7, 6, 4, கிளப் ஏஸ், 9, 5. வெறும் 9 பாயின்ட். ஆனாலும் 6 ஸ்பேட் வந்துவிடும். ஹார்ட்டில் மூன்று, கிளப்பில் மூன்று, என் துருப்பில் ஐந்து, நான்காவது கிளப்பைப் பார்ட்னர் கையில் வெட்டி ஒன்று. டைமண்டில் ஒன்றுதான் நஷ்டம். மீதி நான்கு ஸ்பேடும் ஒரே பக்கம் குவிந்தால்தான் சிக்கல். நூற்றுக்கு ஏறத்தாழ 85 முறை அப்படிக் குவியாது.

இன்னொரு விதமாகவும் இருக்கலாம். ஸ்பேடும் கிளப்பும் அதே சீட்டுகள். ஹார்ட்டில் 8, 7, 4. டைமண்டில் கிங், க்வீன், 4. இப்போது 11 பாயின்ட், இரண்டு கூடுதல். ஆனால் ஸ்லாம் ஆட்டம் காண்கிறது. டைமண்ட் க்வீனில் ஒரு ஹார்ட்டைக் கழித்த பிறகும் ஹார்ட் ஃபினெஸ், அதாவது எதிராளியின் கிங்கைத் தாண்டி என் க்வீனை ஜெயிக்க வைப்பது, பலித்தாக வேண்டும். ஹார்ட் கிங் வலப்பக்கம் இருந்தால்தான் பலிக்கும். வலப்பக்கத்துக்காரர் கையில் ஏழு சீட்டு டைமண்டுக்கே போய்விட்டது. மற்ற சூட்டுகளுக்கு மிச்சம் 6 இடம். இடப்பக்கத்துக்காரரிடம் டைமண்ட் இரண்டே என்பதால் 11 இடம். ஆக 17-இல் 6, நூற்றுக்கு 35 என்ற அளவில்தான் வாய்ப்பு. போனஸும் அபராதமும் கூடும் வல்னரபிள் நிலையில் ஸ்லாம் வந்தால் 4 ஸ்பேடில் நின்றதைவிட 750 கூடுதல். ஒரு ட்ரிக் குறைந்தால் அதே 750 போய்விடும். பாதிக்குப் பாதியாவது தேறாத ஸ்லாமைச் சொல்லக் கூடாது.

இந்த இடத்தில் பலரும் அனிச்சையாக 4 நோ டிரம்புக்குப் போகிறார்கள். ஈஸ்லி பிளாக்வுட் 1933-இல் வகுத்த, ஏஸ் எண்ணும் முறை. அருமையான கருவிதான், ஆனால் இங்கே உதவாது. மேலே சொன்ன இரண்டு கைக்கும் பதில் ஒன்றுதான்: ஒரு ஏஸ். ஸ்பேட் க்வீனைக் கேட்டாலும் அதே பதில். கிங்குகளைக் கேட்க 5 நோ டிரம்ப் வரை போனால் 6-ஐத் தவிர்க்கவே முடியாது. எத்தனை என்பது தெரியும். எங்கே என்பது தெரியாது.

நான் 5 கிளப் சொல்வேன். கிளப்பில் கன்ட்ரோல், அதாவது எதிராளியைத் தடுக்கும் பிடி, இருக்கிறது, உங்களிடம் வேறு எதில் என்று கேட்கும் கியூ பிட் அது. பார்ட்னர் டைமண்டைத் தாண்டி 5 ஹார்ட் என்றால் என் மனம் குளிர்ந்துவிடும். யோசனையே இல்லை, 6 ஸ்பேட். 5 டைமண்ட் என்றால் 5 ஸ்பேடில் நின்றுகொள்வேன். அவர் ஆசையாகக் காட்டும் அந்த கிங், என் ஒற்றை டைமண்டுக்கு எதிரே கிட்டத்தட்ட வீண். கையில் என்ன இருக்கிறது என்பதற்குச் சமமாக, எதில் ஒன்றும் இல்லை என்பதும் நல்ல செய்தி. பிரிட்ஜில் நான் மிகவும் மதிக்கும் நுட்பம் இதுதான். எதிராளி நம் வழியை அடைத்துவிட்டார், சரி. கூடவே தன் டைமண்ட் எங்கே என்று வாய்விட்டுச் சொல்லியும் விட்டார். அதைப் பயன்படுத்தாமல் பாயின்டை மட்டும் கூட்டிக்கொண்டிருப்பது எனக்கு உடன்பாடில்லை.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். எதிராளி தாவிச் சொன்னதும், கை எப்படி இருந்தாலும், பத்து விநாடி பொறுத்துத்தான் அடுத்தவர் பேச வேண்டும் என்பது வழக்கம். நீண்ட நேரம் தயங்கிவிட்டு பாஸ் சொன்னால் பார்ட்னருக்குத்தான் சங்கடம். அந்தத் தயக்கத்தைப் படித்து முடிவெடுக்க விதி இடம் தராது. எல்லாக் கைக்கும் ஒரே நிதானம் என்று பழகிக்கொள்வதே நல்லது.

ஒரு ஜோடியாக ஆடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டபுளுக்குப் பதில் சொல்லி வந்த 4 ஸ்பேடுக்கு மேல் சொல்லும் 5 கிளப், ஸ்பேடை ஏற்றுக்கொண்ட கியூ பிட்டா, இல்லை நீளமான கிளப்பைக் காட்டித் தப்பிக்கும் பிட்டா? இரண்டு விதமாகவும் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். கியூ பிட்டாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. எதுவானாலும் அடுத்த ஞாயிறு மேசைக்கு வரும் முன்பே பேசி, உங்கள் சிஸ்டம் கார்டில் எழுதி வைத்துவிடுங்கள்.