சூட்டுக்கு ஒரு வாசல்

தங்கை மகனுக்குச் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமாம். மந்தைவெளி ஃப்ளாட்டில் அவனுக்குக் கிடைக்கிற மேசையும் சின்னதுதான். செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேபினெட். மதர்போர்டே 17 சென்டிமீட்டர் சதுரம். அதற்குள் போகிற கிராபிக்ஸ் கார்டுக்கு எந்த மாதிரி விசிறி என்பதில்தான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் தகராறு.

"சார், சின்ன கேபினெட்டா? ப்ளோயர் எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர்.

"ஐயோ மாமா, அது மிக்ஸி மாதிரி கத்தும்" என்றான் இவன்.

ப்ளோயர் என்பது சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனுக்குத் தம்பி. உருளையான ஒற்றை விசிறி காற்றை இழுத்து, தகடுகளுக்கு நடுவே ஓட்டி, பின்பக்கத் துளைகள் வழியாக வெளியே துப்பிவிடும். இரண்டு ஃபேன் கார்டு கூடத்து சீலிங் ஃபேன் ஜாதி: சத்தம் குறைவு, கார்டும் குளிரும், ஆனால் சூடு பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே சுற்றும். என்விடியாவே தன் சொந்தக் கார்டுகளில் பல வருஷம் ப்ளோயரை வைத்துவிட்டு, 2018இல் இரட்டை விசிறிக்கு மாறிக்கொண்டது.

இவர்கள் வாதாடிக்கொண்டிருக்க, எனக்கு ஐஸ் ஹவுஸ் ஞாபகம் வந்துவிட்டது. மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று நிற்கிறதே, அதேதான். அமெரிக்காவில் உறைந்த ஏரிகளை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்க 1842இல் டியூடர் கம்பெனி கட்டியது. வெளிச்சூடு உள்ளே வரக் கூடாது, அவ்வளவுதான் அந்தச் சுவர்களுக்கு இட்ட வேலை. பட்டணத்திலேயே ஐஸ் செய்யக் கற்றுக்கொண்டதும் வியாபாரம் படுத்தது. பிறகு வக்கீல் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி வீடாக்கினார். வட்ட வராந்தாக்கள் எடுத்து, சுற்றிலும் ஜன்னலாக வைத்து, காஸில் கெர்னன் என்று பெயரும் சூட்டினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியது அங்கேதான்.

எனக்கு அந்த ஜன்னல்கள்மேல்தான் கண். பனிக்கட்டி இருக்கும்வரை மூடிக்கிடப்பதே நல்ல கட்டடம். மனிதன் குடிவந்த அன்றே அது அடுப்பு. சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளே சுமார் 100 வாட் சூடு விடுகிறார். இவன் கேட்கிற கார்டு, விளையாட்டு மும்முரத்தில் 200 வாட். செருப்புப் பெட்டிக்குள் இரண்டு வக்கீல்கள்.

அதுவும் எந்த ஊரில்? 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி அடித்த ஊரில். எந்த விசிறியானாலும் கார்டை அறைக் காற்றைவிடக் குளிர வைக்காது. ப்ளோயர் வெளியே துப்புகிற சூடும் என் கூடத்துக்குத்தானே வரும்? இதைச் சொன்னேன். கடைக்காரர் மரியாதைக்குச் சிரித்தார்.

கடைசியில் கார்டைவிட்டு கேபினெட்டைப் பார்த்தோம். பக்கத் தகடு முழுக்க வலைத்துளை போட்ட ஒன்று இருந்தது. கார்டு அந்த வலையை ஒட்டியே நிற்பதால் விசிறிகள் வெளிக்காற்றை நேராக இழுக்கும். மேலே ஒரு ஃபேன் சூட்டை அனுப்பிவிடும். ப்ளோயருக்கு வேலையில்லை. இரண்டு ஃபேன் கார்டே வீட்டுக்கு வந்தது. வலையில் படிகிற தூசியை மாதம் ஒருமுறை பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுவது அவன் பொறுப்பு.

பக்கவாட்டில் கண்ணாடி வைத்த குட்டி கேபினெட்டும் அங்கே இருந்தது. அழகுதான். அதுதான் வேண்டுமென்றால் ப்ளோயரையே வாங்குங்கள். காதுக்குப் பஞ்சு உங்கள் செலவு.