எட்டாம் அதிகாரத்தோடு நின்றவன்

எனக்குக் காத்திருக்கப் பிடிக்கவில்லை. என் குற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

எங்களுடையது திருநெல்வேலிச் சீமையில் ஒரு தேரிக்காட்டு ஊர். வாலிப வயதில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் மனம் திரும்பினேன். அது உண்மை, அதில் நடிப்பு இல்லை. ஆனால் சில வாரங்களிலேயே மேடையேறிச் சாட்சி சொன்னேன். ஜனங்கள் அழுதார்கள். அவர்கள் அழுதது எனக்குப் பிடித்துப்போயிற்று. பக்கத்து ஊர்களிலிருந்து கூப்பிட்டார்கள். நோட்டீசில் என் படம் வந்தது. அந்த நோட்டீஸ்களை நான் சேர்த்து வைத்திருந்தேன்.

எங்கள் சபை உபதேசியார் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். “கொஞ்ச வருஷம் பேசாம இருங்க தம்பி. விடியக்காலம் வீட்டுக்கு வாங்க, ஆதியாகமத்துல இருந்து சேர்ந்து வாசிப்போம். சாயங்காலம் சீக்காளிகளைப் பாக்க என்கூட வாங்க” என்றார்.

பவுல் உடனே பிரசங்கிக்கவில்லையா என்று கேட்டேன். தமஸ்குவின் ஜெப ஆலயங்களில் அவர் தாமதமின்றிப் பேசினார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 9-ஆம் அதிகாரம் சொல்கிறது. உபதேசியார் மறுக்கவில்லை. அதே பவுல் கலாத்தியருக்கு எழுதியதை நினைவூட்டினார். அரபிதேசத்துக்குப் போனது, தமஸ்குவுக்குத் திரும்பியது, 3 வருஷம் கழிந்து எருசலேமுக்கு வந்து பேதுருவோடு 15 நாள் மட்டும் தங்கியது, பிறகு சிரியா, சிலிசியாப் பக்கம் போய்விட்டது. பர்னபா தர்சு பட்டணத்துக்கே போய்த் தேடிக் கூட்டிவரும் வரை அவர் அங்கே என்ன செய்தார் என்று வேதம் அதிகம் பேசவில்லை. “அவரு கமாலியேல் பாதத்துல உக்காந்து படிச்சவரு. அவருக்கே இவ்வளவு காலம். நீங்க யாருகிட்ட உக்காந்தீங்க?” என்றார்.

நான் யாரிடமும் உட்காரவில்லை. அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. அடுத்த நாள் காலை நான் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை.

மோசேயைப் பற்றி நான் பலமுறை பேசியிருக்கிறேன். எப்போதும் செங்கடலில் தொடங்குவேன். எகிப்தியனை அடித்துக் கொன்று மணலில் புதைத்த அவசரக்காரனை, மீதியானில் மாமனாரின் ஆடுகளை மேய்த்த அந்த 40 வருடத்தை விட்டுவிடுவேன். சீகன்பால்க் என்றால் 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் வந்த பெருமையைச் சொல்வேன். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கியவர் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகியதைச் சொல்ல மாட்டேன். இயேசுவே ஊழியத்தைத் தொடங்கும்போது ஏறக்குறைய 30 வயது. அதுவரை நாசரேத்தில் பெற்றோருக்குக் கீழ்ப்படிந்து, தச்சு வேலை செய்துகொண்டு இருந்தார். அந்த வருடங்களைப் பற்றி நான் ஒரு பிரசங்கம்கூடச் செய்ததில்லை. பேசியிருந்தால் என்னை நானே கேள்வி கேட்க வேண்டியிருந்திருக்கும்.

அந்தச் சமயத்தில் எங்கள் தெருவில் ஒரு பையன் இறந்தான். குடித்துவிட்டு இரவில் பைக்கில் வந்தவன் லாரியில் மோதினான். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வீட்டில் ஜெபம். சபைப் போதகரான ஐயர் வெளியூர் போயிருந்தார். என்னைப் பேசச் சொன்னார்கள். நான் தயங்கவே இல்லை.

யோபு 8-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். உன் பிள்ளைகள் பாவம் செய்திருந்தால் தேவன் அவர்களை அந்தப் பாவத்துக்கே ஒப்புக்கொடுத்திருப்பார் என்ற பொருளில் அங்கே ஒரு வசனம் உண்டு. யாரோ ஒரு பிரசங்கியார் அதைச் சொல்லக் கேட்டிருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் நான் வாசித்ததில்லை. குடிக்கிற வாலிபர்களை எச்சரிக்க வேண்டும் என்று நினைத்தேன். என் கண் அவர்கள்மேல்தான் இருந்தது. அவர்கள் அசைகிறார்களா என்று பார்த்துக்கொண்டே குரலை உயர்த்தினேன். பையனின் தாய் எனக்கு எதிரே பாயில் இருந்தார். அதுவரை அழுதுகொண்டிருந்தவர் சட்டென்று அழுகையை நிறுத்தினார். வசனம் கிரியை செய்கிறது என்று நினைத்தேன்.

உபதேசியார் அன்று காலையிலிருந்தே அந்த வீட்டில் இருந்தார். பையனின் தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசவில்லை. பேசத் தெரியாதவர் என்று நான் அவரை எண்ணியிருந்தேன்.

தெருவுக்கு வந்ததும் கேட்டார். “அது யாரு சொன்ன வார்த்தை தம்பி?”

“வேதம் சொல்லுது.”

“வேதத்துல யாரு சொன்னா?”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனமில்லை. “கடைசி அதிகாரத்தையும் வாசிங்க” என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனார்.

அன்றிரவே வாசித்தேன். அது பில்தாத் சொன்னது. பிள்ளைகளை இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபுவிடம் அவன் சிநேகிதர் மூவரில் ஒருவன் சொன்னது. 42-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் அந்த மூன்று சிநேகிதர்மேலும் கோபம் கொள்கிறார். அவர்கள் தம்மைப்பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். கடவுள் கோபித்துக்கொண்ட பேச்சை நான் கடவுளின் பேச்சாக அந்தத் தாயிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

அவர்கள் வீடு என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். நான் போகவில்லை. மறுவாரம் ஒரு கூட்டத்தில் பேச வேண்டியிருந்தது. தப்பாகப் பேசிவிட்டேன் என்று ஒரு வீட்டில் சொன்னால் ஊர் முழுக்கத் தெரியும். வேதம் தெரியாதவன் என்பார்கள். அந்தப் பயம்தான். வேறு காரணம் இல்லை. அறியாமல் பேசியதைவிட, அறிந்தபின் வாயை மூடிக்கொண்டதே பெரிய பாவம் என்று இப்போது சொல்கிறேன்.

ஆரம்பத்தில் எவனும் தவறாக வாசிப்பான். அந்தத் தவறை உபதேசியார் வீட்டுத் திண்ணையில் செய்திருந்தால் அவர் பக்கத்தைத் திருப்பிக் காட்டியிருப்பார். எனக்கு ஒரு காலை நேரத்து வெட்கம்; அவ்வளவுதான். யாரும் கூப்பிடாத, யாரும் பாராட்டாத சில வருடங்களை அவர் எனக்குக் கொடுக்க வந்தார். என் பிழைகளால் யாருக்கும் காயம்படாத இடம் அது. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனைக் கண்காணியாக வைக்கக் கூடாது, அவன் பெருமை கொள்வான் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை நான் படித்திருந்தேன். அது பேராயர்களுக்கு என்று நினைத்தேன்.

அந்தத் தாய் திருவிருந்துக்கு வருவதை நிறுத்தினார். தகப்பன் மகன் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்றார். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்துவந்த மகள், இப்படிப்பட்ட கடவுள் வேண்டாம் என்று சொல்லி விலகினாள். இன்றுவரை கோயிலுக்குள் வரவில்லை.

பல வருடம் கழித்துத்தான் போனேன். உபதேசியார் காலமான பிறகு. அவர் முகத்துக்கும் நான் பயந்திருந்தேன். அந்தத் தாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்று மட்டும் கேட்டார். “எப்பத் தெரிஞ்சுது தம்பி?”

“அன்னைக்கு ராத்திரியே தெரிஞ்சுது.”

“புள்ளைக அப்பா இருக்கையிலயே வந்து சொல்லியிருக்கலாம்லா” என்றார்.

அவர் கணவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். மகனைக் கடவுள் தள்ளிவிட்டார் என்று நம்பியபடியே இறந்தார். மகளிடமும் பேச வேண்டும், போன் நம்பர் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுக்க மறுத்துவிட்டார். அவர் மறுத்தது நியாயம்.