அப்பாவின் பரிசோதனையும் நம்முடைய விசுவாசமும்



ஊரிலிருந்து தொலைபேசி வருகிறது. "அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. அளவு கூடியிருக்கிறதாம், புற்றுநோயாக இருக்கலாம் என்கிறார்கள்." மும்பையிலோ பெங்களூரிலோ பிழைக்கும் பிள்ளைகளின் உள்ளம் அந்நேரமே கலங்கிவிடுகிறது.

"இருக்கலாம்" என்பதை "இருக்கிறது" என்று எண்ணிவிடாதிருங்கள். வயது முதிரும்போது புராஸ்டேட் சுரப்பி புற்றுநோய் இல்லாமலே பெரிதாவதுண்டு. அதனாலும், கிருமித்தொற்றினாலும் அந்த அளவு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராமைத் தாண்டக்கூடும். திசுப் பரிசோதனையே நோயை உறுதிசெய்யும். உறுதியானாலும், பலருக்கு இது மெதுவாகவே வளர்கிறது. ஆரம்பத்தில் கண்டறிந்தால் நல்ல சிகிச்சை உண்டு.

"பரிசோதனைக்குப் போவது அவிசுவாசம்" என்று சிலர் சொல்லக்கூடும். எசேக்கியா ராஜா கண்ணீரோடு ஜெபித்தபோது கர்த்தர் அவருக்கு 15 வருஷ ஆயுளைக் கூட்டிக் கொடுத்தார். ஆயினும் பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடும்படி ஏசாயா சொன்னார் (2 இராஜாக்கள் 20). ஜெபமும் மருந்தும் அங்கே பகையாயிருக்கவில்லை.

தகப்பன்மார் சிறுநீர் உபாதையை மகளிடமோ மருமகளிடமோ சொல்லக் கூச்சப்படுவார்கள். ஆகவே மகன்மார் விடுப்பு எடுத்து உடன் செல்லுங்கள். கேட்கவேண்டியவற்றை எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். முடிவு எதுவானாலும் அப்பாவிடம் மறைக்காதிருங்கள். எசேக்கியாவுக்கும் செய்தி நேராகவே சொல்லப்பட்டது. அதை அறிந்தபடியினால்தான் அவர் சுவர்ப்புறமாய்த் திரும்பி ஜெபித்தார். அந்த ஜெபத்தை உங்கள் தகப்பனாருக்கு இல்லாமற்செய்ய வேண்டாம்.

காத்திருக்கும் நாட்களில் கர்த்தர் உங்கள் குடும்பத்துக்குச் சமாதானம் அருளுவாராக. ஆமென்.