ஊறப் போட்டாச்சா?

பி.காம். படித்தவன் கையில் வீட்டுக் கணக்கைக் கொடுத்தால் ரெண்டு விஷயம் நடக்கும். கணக்கு சரியாக இருக்கும். வீட்டில் சண்டை வரும்.

போன நவராத்திரி சமயம், மனைவி ஆபீஸ் வேலையாக பெங்களூரு போயிருந்தாள். ராத்திரி போன். "நாளைக்கு சாயந்திரம் கொலு பார்க்கப் பத்து பேர் வராங்க. நான் வர ஆறு மணியாகும். மறக்காம கொண்டைக்கடலையை ஊறப் போட்டுடுங்க."

"ஆகட்டும்" என்றேன். ஆகவில்லை. டி.வி.யில் கிரிக்கெட் ஸார்!

மறுநாள் மத்தியானம் மூணு மணிக்குத்தான் பொறி தட்டியது. நண்பனைக் கேட்டேன். "தண்ணியில போட்டு ரெண்டு நிமிஷம் கொதிக்க விடு. அடுப்பை அணைச்சு ஒரு மணி நேரம் மூடி வை. அப்புறம் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டுக் குக்கர்ல ஏத்து. ராத்திரி பூரா ஊறின மாதிரி வெந்துடும்" என்றான். நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் வீட்டுக் கடலை முந்தின தீபாவளிக்கு வாங்கினது. சென்னை உஷ்ணத்திலும் ஈரக்காற்றிலும் மாசக்கணக்கில் கிடந்த கடலை லேசில் மசியாது என்பது எனக்குப் பத்தாவது விசிலில்தான் புரிந்தது. பல்லுக்குப் பல் சவால் விட்டது.

ஓடினேன் சூப்பர் மார்க்கெட்டுக்கு. வேகவைத்த கடலை, டின்னில்! ஒன்று 130 ரூபாய். மூணு டின். திறந்தேன், தாளித்தேன், தேங்காய் தூவினேன். பத்தே நிமிஷம். டின் தண்ணீரிலேயே உப்பு உண்டு, கொட்டிவிட்டு நன்றாக அலச வேண்டும் என்று யார் கண்டது? நான் பாட்டுக்கு வழக்கமான உப்பைப் போட்டேன். வந்த மாமி ஒருத்தர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "தண்ணி கொஞ்சம் கிடைக்குமா?" என்றார். மூணு தடவை.

அன்று ராத்திரி பேப்பரை எடுத்தேன். டின்னில் தண்ணீர் போகக் கடலை 240 கிராம். காய்ந்த கடலை வெந்தால் ரெண்டு பங்குக்கு மேல் ஆகும். ஆக டின்னுக்கு 110 கிராம் போதும். மூணு டின்னுக்கு 330 கிராம். நான் வாங்கின விலை கிலோ 140. ஆச்சு 46 ரூபாய் 20 பைசா. கேஸுக்குத் தாராளமாக ஆறு ரூபாய். மொத்தம் 52.20. டின் 390! மறதிக்கு நான் கட்டின அபராதம் 337 ரூபாய் 80 பைசா. மன்னிப்புக் கடிதம் மாதிரி மனைவியிடம் நீட்டினேன்.

படித்தாள். "ஒண்ணு விட்டுட்டீங்களே."

"என்ன, தேங்காயா?"

"ஞாபகம். ஆறு வருஷமா தினம் ராத்திரி, நாளைக்கு என்ன ஊறணும், என்ன அரைக்கணும்னு யோசிச்சுட்டுத்தான் படுக்கறேன். அதுக்கு என்ன ரேட் போட்டிருக்கீங்க?"

காஸ்டிங்கில் நோஷனல் காஸ்ட் என்று ஒன்று உண்டு. சொந்தக் கட்டடம்தானே என்று விட்டுவிடாமல், அதற்கும் ஒரு வாடகை போட்டுக் கணக்குப் பார்ப்பது. பரீட்சையில் அதை எழுதி மார்க் வாங்கியவன் நான். வாயே திறக்கவில்லை.

இப்போது சனிக்கிழமை ராத்திரி ஊறப்போடுவது என் டிபார்ட்மென்ட். அரைக் கிலோ, ஒரே ஈடு. ஞாயிற்றுக்கிழமை வேகவைத்து, டப்பா டப்பாவாக ஃப்ரீஸரில். டின்னையும் ஒழிக்கவில்லை, ஒன்று அலமாரியில் இருக்கிறது, ஆபத்துக்கு.

போன சனிக்கிழமை படுத்து, கண்ணும் சொருகியாச்சு. பதினொன்றரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து போய் இருட்டிலேயே எவர்சில்வர் பாத்திரத்தில் கடலையைக் கொட்டினேன். சடசடவென்று சத்தம்.

"என்னங்க அது, எலியா?"

"நான்தான். நீ தூங்கு."