அம்புக்குறிக்கு மேலே ஒரு நிக்கல்

போன மாதம் பாளையங்கோட்டையில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் சித்தி மகள் வேதியியல் புத்தகத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எக்கா, அம்புக்குறிக்கு மேல நிக்கல்னு போட்டிருக்கே, அது அங்க என்னதான் செய்யுது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் வயதில் இதே கேள்வியை வகுப்பில் எழுந்து கேட்டவள் நான். "பரீட்சைக்கு வராது, உட்காரு" என்று பதில் வந்தது. வகுப்பே சிரித்தது. அப்புறம் நான் கேள்வியே கேட்கவில்லை. மனப்பாடம் செய்தேன், பாஸானேன், பிளஸ் டூவோடு அறிவியலுக்கு ஒரு கும்பிடு!

இந்தத் தடவை விடக் கூடாதென்று இரண்டு பேரும் தேடிப் படித்தோம்.

1897-ல் பிரான்சின் துலூஸ் நகரில் பால் சபாட்டியரும், பாதிரியாரான செண்டரென்ஸும் எத்திலீனையும் ஹைட்ரஜனையும் நிக்கல் தூள் மீது செலுத்தினார்கள். ஈத்தேன் கிடைத்தது. நிக்கலில் ஒட்டியதுமே ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டு அணுக்களாகப் பிரிந்துவிடுகிறது. பக்கத்தில் வந்து ஒட்டும் எத்திலீன் அவற்றை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு கிளம்புகிறது. இடம் காலியாகிறது, அடுத்தது வருகிறது. நிக்கல் செலவாவதே இல்லை. 1912-ல் சபாட்டியருக்கு நோபல் பரிசு.

"அல்வாக் கடை கல்லா மாதிரி" என்றாள். திருநெல்வேலிக்காரிக்கு வேறென்ன தோன்றும்?

அல்வா என்றதும் சித்தப்பா ஞாபகம் வந்தது. அவருக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு, வனஸ்பதியில் செய்த பலகாரம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வனஸ்பதியும் இதே வினைதான். எண்ணெயில் நிக்கலைக் கலந்து ஹைட்ரஜனைச் செலுத்தினால் அது கெட்டிப்படும். ஆனால் சில மூலக்கூறுகள் ஒரு ஹைட்ரஜனை வாங்கி, பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறுகின்றன. அதற்குள் வளைந்திருந்த சங்கிலி நிமிர்ந்துவிடுகிறது. அதுதான் டிரான்ஸ் கொழுப்பு. கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி, நல்லதைக் குறைக்கும். 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் இது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்தியாவில் சட்டம்.

"அப்பாவுக்கு வேண்டாம்னு சொன்னது இதைத்தானா?" கொஞ்ச நேரம் அந்த அம்புக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு இன்னொரு பக்கத்தைப் புரட்டினாள். அசிட்டிலீனை எத்திலீனோடு நிறுத்த, ஈயம் சேர்த்து வேகத்தைக் குறைத்த பல்லேடியம் போடுவார்களாம். "அதுக்கு மட்டும் எப்படிக்கா பாதியில நிக்கத் தெரியுது? நாளைக்கு மிஸ்கிட்ட கேக்கட்டா?"

எனக்கு அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டது. தயங்கித்தான் "கேளு" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் வந்தது. "எக்கா, கேட்டுட்டேன். 'நல்லாத்தான் கேட்டிருக்க, படிச்சிட்டு வந்து நாளைக்குச் சொல்லுதேன்'னாங்க!"