இரண்டு கொடிகள்

பேஸ்பால் பருவத்தின் ஆரம்ப நாட்களில், ஏப்ரலில், சிகாகோ நகரின் ரிக்ளி மைதானத்துக்குப் போனால், இரண்டு கொடிகளைப் பார்க்கலாம். ஒன்று, செங்கல் மதிலில் 1937-ல் படரவிட்ட ஐவிக் கொடி. அப்போது இலையே இராது, வெறும் சுள்ளி! மற்றது, 'கப்ஸ்' கோஷ்டி தோற்ற அன்று ஏறும் நீலக் கொடி.

2012-ல் அது அடிக்கடி ஏறிற்று. பழைய ஆட்டக்காரர்களை அனுப்பிவிட்டு இளைஞர்களை வளர்க்கத் தொடங்கிய சமயம். அவ்வருஷம் மொத்தம் 101 தோல்விகள்!

ரசிகையான என் அபிப்பிராயம்? தோல்விகளை மன்னித்துவிட்டேன்; பழகிய முகங்களை அனுப்பியதைத்தான் மன்னிக்க மனம் வரவில்லை. ஆனாலும், 1908-க்குப் பிறகு முதல் தடவையாக 2016-ல் உலகத் தொடர்ப் பட்டம் வந்ததே! ஏப்ரலில் சுள்ளி என்று கொடியைப் பிடுங்கி எறிந்திருந்தால், ஜூனில் பச்சை ஏது, சொல்லுங்கள்?