பாதி விலை, மீதி ஆயுள்

தில்லி கரோல்பாக் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, கூட்டம் போகும் திசையில் போனால் கஃபார் மார்க்கெட். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை. எல்லை காந்தி கான் அப்துல் கஃபார் கானின் பெயரைத் தாங்கிய சந்தை இது. எளிமையே உருவான அந்தப் பெரியவரின் பெயரிலான இடம் வெளிநாட்டுச் சரக்குக்குப் பேர்போனது என்பது சரித்திரத்தின் குறும்பு. பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்து வந்த பஞ்சாபிகளின் கடைகளோடு வளர்ந்தது. இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்த காலத்தில் வாக்மேன், கேமரா என்றால் தில்லிவாசிகளுக்கு - கரோல்பாக்கில் குடியிருந்த தமிழர்கள் உட்பட - இதுதான் புகலிடம். இன்று வாக்மேன் இடத்தில் செல்போன்.

இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்துகள். ஒரு பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் போன்கள். மறுபக்கம் முக்காலியில் உட்கார்ந்து, சூடு காட்டி, போன்களைப் பிரித்துப் போட்டிருக்கும் இளைஞர்கள். இங்கே வருபவர்களில் பெரும்பாலோர் புதுசு தேடி வருவதில்லை. கல்லூரிக்குப் போகும் மகளுக்கு நல்ல போன், ஆனால் கையில் இருப்பது முப்பதாயிரம் என்கிற கணக்கோடு வருகிறவர்கள். அவர்களுக்காகவே காத்திருக்கிறது போன வருஷத்து மாடல்.

விலை இறங்குவது கிட்டத்தட்ட பஞ்சாங்கத்தில் குறித்ததுபோல. 2022 செப்டம்பரில் 79,900 ரூபாய்க்கு வந்த ஐபோன் 14, அடுத்த செப்டம்பரில் 69,900. 2024 செப்டம்பரில் 59,900. இது கம்பெனியே அறிவித்த விலை. சந்தையில் இன்னும் குறையும். ஆனால் எதனால் குறைகிறது என்பதுதான் கேள்வி.

ஏனென்றால் இந்தச் சந்துகளில் ‘பழசு’ என்பதற்கு மூன்று அர்த்தம். பெட்டி பிரிக்காத பழைய சரக்கு ஒன்று. இன்னொருவர் உபயோகித்தது ஒன்று. மூன்றாவது, உபயோகித்ததைப் பிரித்து, திரையையோ பேட்டரியையோ மாற்றி, துடைத்துப் புதுப்பித்தது. கண்ணாடிக்குப் பின்னால் மூன்றும் ஒரே மாதிரி மின்னும். பிளாஸ்டிக் உறை இருப்பதால் மட்டும் பிரிக்காதது என்று நம்பிவிட முடியாது. பெட்டியைத் திருப்பி, அச்சிட்டிருக்கும் மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். சும்மா கிடந்தாலும் பேட்டரிக்கு வயதாகும்.

பிறகு அந்தப் பிரசித்தமான கேள்வி வரும்: பில் வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் விலை இன்னும் இறங்கும். செல்போனுக்கு 2020 ஏப்ரலிலிருந்து ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதால் ஆசை யாருக்கும் வரும். வேண்டும் என்றே சொல்லுங்கள். பில் இல்லாத போனுக்கு வாரண்டி கேட்டு வாதாட முடியாது. அது திருட்டுப் போனாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கடையிலேயே *#06# போட்டால் 15 இலக்க ஐஎம்இஐ எண் தெரியும். ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்று அடித்து, இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அதன் யோக்கியதை தெரிந்துவிடும். கடைக்காரர் முகம் சுளித்தால் பக்கத்துக் கடை இருக்கிறது.

இத்தனையும் சரியாக இருந்தாலும் ஒரு கணக்கு பாக்கி. போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் வருவது குறிப்பிட்ட காலம்தான். அந்தக் காலம் ஓட ஆரம்பிப்பது நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல, மாடல் முதலில் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து. கூகுளின் பிக்ஸல் 7 வந்தது 2022 அக்டோபரில்; பாதுகாப்பு அப்டேட்டுக்கு உத்தரவாதம் 2027 அக்டோபர் வரை. சரியாக ஒரு வருஷம் கழித்து வந்த பிக்ஸல் 8க்கு ஏழு வருஷம், அதாவது 2030 அக்டோபர் வரை. வயது வித்தியாசம் ஒரு வருஷம், ஆயுள் வித்தியாசம் மூன்று வருஷம். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். சாம்சங்கிலும் இதே கதை: கேலக்ஸி எஸ் 23க்கு ஐந்து வருஷம், 2024ல் வந்த எஸ் 24க்கு ஏழு. ஆப்பிள் 2018ல் வெளியிட்ட எக்ஸ்ஆர் மாடலை 2025ல் வந்த ஐஓஎஸ் 26லிருந்து கழற்றிவிட்டது.

அப்டேட் நின்றால் போன் நின்றுவிடாது. பேசலாம், படம் பார்க்கலாம். ஆனால் யுபிஐ வந்த பிறகு அது பணப்பையும்கூட. பூட்டு பழுதான பணப்பையை மகளிடம் கொடுக்க எந்த அப்பாவுக்கு மனசு வரும்?

ஆகவே விலையை மீதமுள்ள வருஷங்களால் வகுத்துப் பாருங்கள். இரண்டு வருஷம் பாக்கியுள்ள போன் 30,000 என்றால் வருஷத்துக்கு 15,000. ஐந்து வருஷம் பாக்கியுள்ளது 45,000 என்றாலும் வருஷத்துக்கு 9,000தான். என்னைக் கேட்டால், பெட்டி பிரிக்காத, பில்லோடு கிடைக்கும் போன வருஷத்து மாடலைத் தயங்காமல் வாங்கலாம். மூன்று வருஷப் பழசை, இரண்டு வருஷத்தில் மாற்றிவிடுகிறவர் மட்டும் வாங்கட்டும். அதுவும் ‘5ஜி’ உண்டா என்று பார்த்து. ஜியோவின் 5ஜி எல்லா ஆரம்பகால 5ஜி போன்களிலும் எடுக்காது. சிம்மைப் போட்டுப் பார்த்துவிடுவது உத்தமம்.

கையிலிருக்கும் பழைய போனையும் எடுத்துக்கொள்வார்கள். முதலில் சொல்லும் தொகைக்குத் தலையாட்ட வேண்டாம், இரண்டு கடை கேளுங்கள். கொடுக்குமுன் உள்ளே இருப்பதை முழுக்க அழித்துவிடுங்கள். அந்த முக்காலி இளைஞர்களிடம் அடுத்துப் போவது அதுதான்.